எதற்குள்

ஓல்டன் ரயில் நிலையம், மூன்றாம் மாடி.
பெட்டிகளில் மறந்துவிட்டுப் போனவற்றின் பதிவு
எனக்கு வந்தது ஒரே ஒரு வரியாக.
நாலாயிரத்துப் பன்னிரண்டு பொருட்கள்,
மூச்சுவிட ஓர் இடமில்லை.

"வெள்ளிக்கிழமை ஏலம்" என்றார் ஏஷ்லிமான்.
"ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. சுத்தமாக வேண்டும்."
சொல்லிவிட்டு இடது கையுறையைக்
கதிரையிலேயே விட்டுப் போனார்.

பிரித்தேன்.
நெளிந்த அடைப்புக்குள் ஒரு முதுகுப்பை.
அதற்குள் சதுர அடைப்பு, அதற்குள்
குடை, ஒற்றைச் சப்பாத்து, தகரப்பெட்டி.
பெட்டிக்குள் மறுபடி நெளிவு:
பதினொரு பொத்தான்கள், ஒரு கடித உறை.
உறைக்குள்
அடைப்பு திறந்து, ஒன்றும் சொல்லாமல்
மூடிக்கொண்டது.

சாவி என்று தேடினால் நாற்பதாயிரம் இடத்தில் நிற்கிறது,
நிறம் ஒரு சாவி, நாள் ஒரு சாவி, தடம் ஒரு சாவி.
உண்மையில் தொலைந்தவை அறுநூற்று மூன்று.
குழப்பம் வேண்டாமென்று அவற்றை மட்டும்
எங்கள் வீட்டுப் பேச்சில் திறப்பு என்றேன்.

நிறத்தை ஜெனீவாக்காரர் 'கூலர்' என்று பதிந்திருந்தார்,
பெலின்சோனாவில் 'கொலோரே', சூரிச்சில் 'ஃபார்பெ'.
முதல் ஓட்டத்தில் அட்டவணைக்கு மூன்று நிற நிரல்கள்.
ஒவ்வொரு குடையும்
ஒன்றில் நீலம், இரண்டில் வெறுமை.
மூன்றையும் ஒன்றாக்கப் பத்து நிமிடம் போனது.
இந்த நாட்டுக்கு நூற்றாண்டுகள் எடுத்த வேலை.

வெறுமையும் ஒரே மாதிரி இல்லை.
'நல்' என்று எழுதியிருந்தால்
(தமிழில் வாசித்தால் எவ்வளவு நல்ல சொல்)
பார்த்தேன், இல்லை என்று அர்த்தம்.
இரண்டு மேற்கோள் குறிகள் முட்டிக்கொண்டு நின்றால்
எழுத வந்தேன், தொலைபேசி அடித்தது.
சாவியே இல்லையென்றால்
யாரும் கேட்கவில்லை.
அட்டவணையோ மூன்றுக்கும்
ஒரே வெள்ளைக் கட்டத்தை நீட்டுகிறது.

இரவு எட்டரைக்கு எல்லாம் தட்டையாகிவிட்டது.
குடை குடைகளோடு. பெட்டி பெட்டிகளோடு.
சப்பாத்து 2,207ஆம் வரிசையில்,
தன் பையைவிட்டு ஆயிரத்துச் சொச்சம் தள்ளி.
அழகாகத்தான் இருந்தது.

காலையில் லாங்கென்தாலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
நிறம் தெரியாது, நாள் தெரியாது, விலை தெரியாது.
"பொத்தான்கள் இருந்த பெட்டி,
பெட்டி இருந்த பை" என்றாள்.
என் அட்டவணையில் பதினொரு பொத்தான்கள் இருந்தன.
'இருந்த' இல்லை.
ஏழாம் வேற்றுமையை
உருபோடு சேர்த்துத் துடைத்திருந்தேன்.

ஒரு நிரல் கூட்டினேன்.
தலைப்பு: எதற்குள்.
"ஏலம் எடுப்பவனுக்கு அது எதற்கு?" என்றார் ஏஷ்லிமான்,
வலது கையை மட்டும் தேய்க்காமல்.

கீழே களஞ்சியத்துக்குப் போனேன்.
பை, பெட்டி, உறை.
உறை ஒட்டியே இருந்தது.
பதிந்தவர் அதைத் திறக்கவேயில்லை.
குழல்விளக்குக்கு எதிரே பிடித்தால்
நாலாக மடித்த ஏதோ ஒன்று, நிழலாக.
இப்படி ஒரு வெறுமைக்கு
என்னிடம் குறி கிடையாது.

மேலே வந்து அந்த ஆறு வரிசைகளையும் தேடிப் பிடித்து
பழையபடி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து,
திறந்து மூடிய அந்த அடைப்பைத் தொடாமல்
லாங்கென்தாலுக்கு அனுப்பினேன்.
பையும் மதிய ரயிலில் போனது.

ஏலத்துக்கு மிச்சம் நாலாயிரத்தாறு.
கதிரையில் கிடந்த கையுறையோடு
நாலாயிரத்தேழு.